மனு கொடுக்க வருபவர் எங்கே உட்காருவார்?

பழைய கட்டடம் ஒன்றை மாவட்டக் காவல் அலுவலகமாக மாற்றும் வேலையில் வடிவமைப்பாளராக இருந்தேன். வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். இரண்டு தளம், முன்பக்கம் அகலமான வராந்தா, இரண்டடி கனத்தில் சுண்ணாம்புச் சுவர்கள். காவல்துறைத் தரப்பிலிருந்து வந்த தேவைப் பட்டியல் நீளமானது: மாவட்டக் காவல் கண்காணிப்பாளரான எஸ்.பி.யின் அறை, கூடுதல் எஸ்.பி.க்களின் அறைகள், தனிப்பிரிவு, மாவட்டக் குற்றப்பிரிவு, சைபர் கிரைம், அமைச்சுப் பணியாளர் பிரிவுகள், சுவர் முழுக்கத் திரை வைத்த கண்ட்ரோல் ரூம், கூட்ட அரங்கம். பொதுமக்களுக்கு அதில் ஒரே ஒரு சொல்: ரிசப்ஷன்.

அங்கிருந்துதான் வரைபடத்தைத் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. எஸ்.பி. அலுவலகத்துக்கு யாரும் எடுத்த எடுப்பில் வருவதில்லை. ஸ்டேஷனில் மனு வாங்கவில்லை, வாங்கியும் நடவடிக்கை இல்லை, எதிர்த்தரப்புக்குச் செல்வாக்கு அதிகம் என்று ஏதோ ஒன்று நடந்த பிறகுதான் பஸ் பிடித்து வருகிறார்கள். ஏற்கெனவே ஒரு கதவு மூடியதைப் பார்த்துவிட்டு வருபவர்கள் அவர்கள்.

அப்போதைய அலுவலகத்தில் புதன்கிழமை மனு நாள்களில் போய் உட்கார்ந்து பார்த்தோம். மனு வாங்கும் மேஜை கூடத்தின் நடுவில் இருந்தது. புகார் சொல்பவர் நின்றுகொண்டே பேசுவார், பின்னால் வரிசை. அந்த மேஜையில் இருந்த பெண் சிறப்பு எஸ்.ஐ. ஒருவர் என்னிடம் சொன்னார்: "மேடம், ஒரு பொண்ணு எங்கிட்ட வந்து சேர்றதுக்குள்ள பத்து பேர் அவளைப் பார்த்துடுறாங்க. அதுக்கப்புறம் அவ பாதிதான் சொல்லுவா." வேறு எந்தக் குறிப்பும் எங்கள் வரைபடத்தை இந்த அளவுக்கு மாற்றவில்லை.

வராந்தாவையே காத்திருப்புக் கூடமாக்கினோம். தடித்த சுவரும் உயரமான கூரையும் இருப்பதால் சித்திரை வெயிலிலும் மின்விசிறியே போதும். பெஞ்சுகள், குடிநீர், கைக்கெட்டும் தூரத்தில் கழிப்பறை. வரவேற்பு மேஜையை உட்கார்ந்து பேசும் உயரத்துக்கு இறக்கினோம். அதை ஒட்டி இரண்டு சிறிய மனு அறைகள். கதவின் மேல்பாதியில் கண்ணாடி: உள்ளே இருப்பவர் தனியாக இல்லை என்பது வெளியில் தெரியும், பேச்சு கேட்காது. இரண்டு அறைகளுக்கும் பின்பக்கம் இன்னொரு வழி உண்டு. விசாரணைக்கு இரு தரப்பையும் ஒரே நாளில் கூப்பிட்டால், வாசலில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

சாய்தளத்துக்கு ஒரு வாக்குவாதம் நடந்தது. தரைமட்டத்திலிருந்து வராந்தா மூன்றடி உயரம். ஓர் அடி ஏற பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் 36 அடி வேண்டும், நடுவில் ஓய்வுத் தளம் தனி. முகப்பின் அழகு கெடும், பின்பக்கம் வைக்கலாம் என்றார்கள். சக்கர நாற்காலியில் வருபவர் மட்டும் ஜெனரேட்டரைச் சுற்றிக்கொண்டு ஏன் வர வேண்டும்? வராந்தாவின் ஓரமாகவே, முன்வாசலில் சேரும்படி போட்டோம்.

'இதெல்லாம் எதற்கு, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிடலாமே' என்றவர்களும் இருந்தார்கள். அவர்களிடம் சென்னைக் காமராஜர் சாலையில் இருக்கும் டி.ஜி.பி. அலுவலகத்தைப் பற்றிச் சொல்வேன். அதுவே மாற்றி அமைத்த கட்டடம்தான். 1839இல் ஃப்ரீமேசன்கள் என்ற சகோதரச் சங்கத்தினருக்காகக் கட்டப்பட்டது; 1874இல் காவல்துறை அதை 20,000 ரூபாய்க்கு வாங்கியது. 1993இல் இடிக்க முடிவானபோது பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது. கட்டடம் தப்பியது, கூடுதல் இடத்துக்குப் பக்கத்தில் இணைப்புக் கட்டடம் எழுந்தது.

எங்களுக்கும் அதே வழிதான் கைகொடுத்தது. எங்கள் கட்டடத்தின் மேல்தளம் மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய முறையில் போட்டது; அதில் தேக்கு உத்திரங்களின்மேல் செங்கலைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்டிருப்பார்கள். சாதாரண அலுவலக அறைக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ எடை என்று கணக்கிடுவோம். கோப்பு அடுக்கும் பதிவறைக்கு 500. அந்த மேல்தளத்தில் பதிவறையையோ யு.பி.எஸ். பேட்டரிகளையோ வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பதிவறை, ஆயுத அறை, கண்ட்ரோல் ரூம் மூன்றும் பின்பக்கத்துப் புதிய கட்டடத்துக்குப் போயின. அதற்குத் தனி அஸ்திவாரம், பழைய சுவரிலிருந்து இடைவெளி. சுண்ணாம்புச் சுவரில் யாரோ பூசியிருந்த சிமென்ட் பூச்சையும் கொத்தி எடுத்தோம். சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே நின்று உதிர்க்கும்.

அப்புறம் கேமரா. குற்றப்பிரிவும் சைபர் கிரைமும் இதே கட்டடத்தில் காவல் நிலையங்களாக இயங்கும். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி நுழைவாயில், லாக்-அப், நடைவழி, வராந்தா, ஆய்வாளர் அறை, கழிப்பறைக்கு வெளிப்பக்கம் என ஒரு பகுதியும் விடுபடாமல் குரலும் பதிவாகும் கேமரா வேண்டும். பதிவுகளைப் 18 மாதம் வைத்திருக்க வேண்டும். பழைய கட்டடத்தின் வளைவுகளும் தூண்களும் கேமராவுக்கு மறைவிடங்கள். ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் ஓர் ஆளை நிறுத்தி, திரையில் தெரிகிறாரா என்று பார்த்துத்தான் இடங்களை முடிவு செய்தோம். காவலில் இருப்பவரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது, உத்தேசமாக விட முடியாது. கேபிளுக்காகச் சுவரை வெட்டாமல், கூரையோரம் குழாயில் கொண்டுபோனோம்.

தமிழகக் காவல்துறையில் பெண்கள் சேரத் தொடங்கியது 1973இல். முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் வந்தது 1992இல். ஆனாலும் எங்களுக்கு வந்த பட்டியலில் பெண் காவலர்கள் உடை மாற்ற ஓர் அறை இல்லை. இரவுப் பணி முடிந்து முதல் பஸ் வரும்வரை தலை சாய்க்கவும் இடமில்லை. கூட்ட அரங்கத்தைக் கொஞ்சம் குறுக்கி இரண்டையும் சேர்த்தோம். இதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. முதலிலேயே கேட்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஒப்படைக்கும்போது பராமரிப்புக் குறிப்பு ஒன்றும் எழுதிக் கொடுத்தோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் மொட்டை மாடித் தட்டோடுகளின் இணைப்புகளையும் மழைநீர்க் குழாய்களையும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டும், அதற்கான பணத்தை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். இந்த மூன்றையும் கோப்பில் ஏற்றும்வரை நான் விடவில்லை. கூரை ஒழுகினால் மேலே இருக்கும் பிரிவு கீழே இறங்கும். கீழே சட்டென்று காலி செய்யக்கூடிய இடம் அந்த இரண்டு மனு அறைகள்தான்.