பழஞ்சீனம்: கொச்சியில் தொடங்கலாம்

பழஞ்சீனம், அதாவது பழைய சீன நூல்களின் எழுத்து மொழி, படிக்க நினைக்கும் செங்கோட்டை, கொழிஞ்சாம்பாறை போன்ற தமிழக–கேரள எல்லைப் பக்கத்து நண்பர்களே, கன்பூசியஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 15ஆம் நூற்றாண்டில் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கப்பல்களில் மொழிபெயர்ப்பாளராக வந்த மா ஹுவானின் பயணக் குறிப்பில் கொச்சிப் பகுதியை எடுங்கள். ஊரும் மக்களும் நமக்குத் தெரிந்தவர்கள், பாதி அர்த்தம் தானாகப் பிடிபடும்.

பழைய அச்சில் பெரும்பாலும் நிறுத்தற்குறி இருக்காது, நம் ஓலைச்சுவடி மாதிரிதான். அகராதியைத் தொடும் முன் பென்சிலால் வாக்கியங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். 'யே' (也) என்ற எழுத்து வந்தால் பெரும்பாலும் வாக்கியம் முடிகிறது. 'ஜி' (之) வினைக்குப் பின் நின்றால் 'அதை'; இரு பெயர்ச்சொற்களுக்கு நடுவே நின்றால் 'உடைய'. இதைக் குழப்பினால் வரியே தலைகீழாகிவிடும்.

பலரும் சறுக்குவது சீன எழுத்தில் ஒலிபெயர்த்த நம்மூர்ப் பெயர்களில்தான். கொச்சி மக்களில் ஒரு பிரிவை 'மு-குவா' என்கிறார் மா ஹுவான். அகராதியை நம்பினால் இன்றைய சீனத்தில் அது பப்பாளி! பப்பாளியோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து பின்னால் வந்தது. மீன்பிடித்தும் சுமை தூக்கியும் பிழைப்பவர்கள் என்று அடுத்து வருவதைப் படித்தால்தான் முக்குவர் என்று விளங்கும். 'ஜெ-தி' என்பது செட்டி. பொருள் ஒட்டாத இடத்தில் எழுத்துகளை வாய்விட்டுப் படியுங்கள். இன்றைய பெய்ஜிங் உச்சரிப்பு அப்படியே பொருந்தாது, மெய்யொலிகளைப் பிடித்துக்கொண்டால் போதும். மலையாளமும் காதில் பழகியிருப்பது இங்கே பெரிய பலம்.

தமிழாக்கும்போது வினையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அடைமொழிகளைப் பெரும்பாலும் நகர்த்தவே வேண்டாம். சீனத்திலும் அவை பெயருக்கு முன்னால்தான் வரும்.