காய்ந்த மாஸ்க்

செப்டம்பர் 3, 2020
வேளச்சேரியிலிருந்து சைக்கிளில் கிளம்பி தரமணி தாண்டுவதற்குள் துணி மாஸ்க் நனைந்துவிட்டது. மூச்சை இழுத்தால் துணியும் வாய்க்குள் வருகிறது. கண்ணாடி முழுக்க ஆவி. பக்கத்து ஸ்கூட்டர் உறுமுவதை வைத்துத்தான் பச்சை விழுந்ததைக் கண்டுபிடித்தேன். டிபன் கேரியரை அப்பா அம்மா வீட்டு கேட்டில் மாட்டிவிட்டு வந்தேன்.

கொரோனாவில் படுத்திருக்கும் அம்மாவுக்கு ஆக்சிஜன் அளவு 94.

செப்டம்பர் 5
தனியாக சைக்கிள் ஓட்டுகிறவர் மாஸ்க் போட வேண்டும் என்று நாங்கள் சொல்லவே இல்லை, கூட்டமாகப் போனால்தான் என்று மத்திய சுகாதாரத் துறைச் செயலர் முந்தாநாள் சொன்னாராம். இங்கே என்னடாவென்றால் மாஸ்க் இல்லாவிட்டால் 200 ரூபாய் என்று அவசரச் சட்டம். எஸ்.ஆர்.பி. டூல்ஸ் சிக்னலில் நின்ற காவலரிடம் போய் டெல்லிச் செய்தியையா காட்ட முடியும்? "தம்பி, மேல ஏத்துப்பா" என்றார். ஏற்றினேன்.

செப்டம்பர் 6
93. தூக்கம் இல்லை.

செப்டம்பர் 8
மெட்ரோ நேற்று ஓட ஆரம்பித்துவிட்டது. பறக்கும் ரயில் இன்னும் இல்லை. ஓடினாலும் நான் ஏறப்போவதில்லை. யார் யாருக்குக் கொடுக்கிறோம் என்றே தெரியாத வியாதி இது.

எஸ்.பி.பி. எப்படி இருக்கிறார் என்று அம்மா போனில் கேட்டாள். நெகட்டிவ் வந்துவிட்டதாம் என்றேன். அவளுக்கே வந்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம்.

செப்டம்பர் 11
இனி இரண்டு மாஸ்க். சாலைக்கு ஒன்று, நனைந்தால் நனையட்டும். காய்ந்தது கேட்டுக்கு, அப்பாவிடம் பேச. எங்கே வைப்பது என்பதுதான் பிரச்சினை. ஹேண்டில்பாரில் தொங்கவிட்டால் தரமணி ரோட்டுப் புழுதி பூராவும் அதில்தான். பேன்ட் பாக்கெட்டில் வியர்வை. பிளாஸ்டிக் கவரில் போட்டால் புழுங்குகிறது. கடைசியில் மருந்துக்கடை காகித உறையில் போட்டு சட்டைப் பையில் வைத்தேன். கழற்றும்போது காது வார் ஹெல்மெட் வாரில் சிக்கி, சாலை மாஸ்க் தரையில் விழுந்தது. அதையும் அதே உறைக்குள் திணித்த பிறகுதான் உறைத்தது. முட்டாள். இரண்டு உறை வேண்டும்.

செப்டம்பர் 14
கீழ்வீட்டு மாமா வால்வு வைத்த என்95 கொடுத்தார். மிதிக்க அவ்வளவு சுகம், கண்ணாடியிலும் ஆவி இல்லை. ஆனால் நாம் விடும் மூச்சு வடிகட்டாமல் அந்த ஓட்டை வழியே வெளியே போகுமாம். திருப்பிக் கொடுத்துவிட்டேன். மாமாவுக்குக் கோபம்.

செப்டம்பர் 15
95!

செப்டம்பர் 19
நான் இவ்வளவு பாடுபட்டு காய்ந்த மாஸ்க்கோடு போய் நிற்கிறேன், அப்பா தன்னுடையதைத் தாடைக்கு இறக்கிவிட்டு "சாம்பாரில் உப்பு கம்மி" என்கிறார். கத்திவிட்டேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. திரும்பும் வழியெல்லாம் அதே நினைப்பு.

செப்டம்பர் 25
எஸ்.பி.பி. போய்விட்டார். அம்மாவிடம் சொல்ல வேண்டாம், டிவியும் போட வேண்டாம் என்று அப்பாவுக்குப் போன் செய்தேன். அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது.

எண் கேட்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 26
96. நாளைக்கு இடியாப்பம் வேண்டாமாம், தோசை வேண்டுமாம். பின் டயர் பஞ்சர், திறந்திருந்த கடை எதுவும் கண்ணில் படவில்லை. வேளச்சேரி வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தேன். தள்ளிக்கொண்டு வந்தால் மாஸ்க் அவ்வளவாக நனைவதில்லை.