நீர்க்கடுப்பு திரும்ப வராமலிருக்க: என் நாட்குறிப்பு

ஜனவரி 9, 2025

விடியற்காலை மூன்று மணி. எழுந்து போனால் நாலு சொட்டு. கடைசிச் சொட்டு விழும்போது எரிச்சலில் உயிர் போகிறது. வந்து படுத்த கொஞ்ச நேரத்தில் மறுபடி முட்டிக்கொண்டு வருகிறது, மறுபடி அதே நாலு சொட்டு. அடிவயிற்றில் வெந்நீர்ப் பையை அழுத்திப் பிடித்தபடி இதை எழுதுகிறேன். போன ஜூலையில் வந்தது, நவம்பரில் வந்தது, இப்போது இது.

காய்ச்சல் இல்லை, குளிர் நடுக்கம் இல்லை, விலாவுக்குப் பின்னால் வலி இல்லை, வாந்தி இல்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும் வரை உட்கார்ந்திருக்க மாட்டேன். கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம் என்பதற்கான அடையாளங்கள் அவை. அந்த நிலையில் வீட்டு வைத்தியத்துக்கு வேலையே இல்லை, நேராக மருத்துவமனைதான். கர்ப்பமாக இருப்பவர்கள் காய்ச்சல் வரும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

ஜனவரி 10

டாக்டர் முதலில் கேட்டது, "மாத்திரை ஏதாவது போட்டுட்டு வந்தீங்களா?" என்றுதான். இல்லை என்றதும், "நல்லதாப் போச்சு, முதல்ல கல்ச்சருக்குக் குடுத்துட்டு வாங்க" என்றார். சிறுநீரில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை அது. ஆன்டிபயாடிக் ஒரு வேளை உள்ளே போய்விட்டாலும் கிருமி வளராமல் போய், என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பது தெரியாமலே போகலாம்.

மாதிரி எடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. வெறும் தண்ணீரில் கழுவிக்கொண்டு, முதலில் வருவதைக் கழிப்பறையிலேயே விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் டப்பாவில் பிடிக்க வேண்டும். டப்பாவின் விளிம்பு தோலில் படக் கூடாது. அவசரத்தில் முதலிலிருந்தே பிடித்தால் வெளித்தோலில் இருக்கும் கிருமிகளும் சேர்ந்து, "கலப்படம், மறுபடி அனுப்பவும்" என்று ரிப்போர்ட் வரும்.

"ஆறு மாசத்துல ரெண்டு தடவை, இல்லைன்னா ஒரு வருஷத்துல மூணு தடவை வந்தா, அது திரும்பத் திரும்ப வர்ற வகைன்னு எடுத்துப்போம். உங்களுக்கு இது மூணாவது. இனிமே வந்த பிறகு மருந்துன்னு மட்டும் பாத்தா போதாது, வராம இருக்க வழி பாக்கணும்" என்றார். சின்ன அளவில் ஆன்டிபயாடிக்கை மாதக்கணக்கில் தினமும் எடுப்பது ஒரு வழி. அது வேலை செய்யும். ஆனால் நிறுத்தினால் பழையபடி வரத் தொடங்கலாம், கிருமியும் மருந்துக்குப் பழகிக்கொள்ளும். ஆன்டிபயாடிக் இல்லாத இயற்கை வழிகளை முதலில் பார்க்கிறேன் என்றேன். சம்மதித்தார். இப்போதைய தொற்றுக்கு மட்டும் மாத்திரை.

ஜனவரி 13

ரிப்போர்ட் வந்தது. ஈ.கோலை. இந்தத் தொற்றுகளில் நான்கில் மூன்றுக்கு மேல் இதே கிருமிதான். குடலில் குடியிருப்பது, அங்கே இருக்கும்வரை தொந்தரவில்லை. கீழே மருந்துப் பெயர்களின் வரிசை, ஒவ்வொன்றுக்கும் எதிரே எஸ் அல்லது ஆர். எஸ் என்றால் அந்த மருந்துக்கு அடங்கும், ஆர் என்றால் அடங்காது. நவம்பரில் நான் சாப்பிட்ட மருந்துக்கு நேரே ஆர். அந்த ஓர் எழுத்தைப் பார்த்தபோதுதான் "வராமல் தடுப்பது" என்பது எனக்கு எவ்வளவு அவசியம் என்று புரிந்தது.

அக்கா போனில், "சுத்தமா இருந்தா ஏன்டி வருது?" என்று கேட்டாள். அன்பாகத்தான் கேட்டாள். ஆனாலும் மனசு சுருங்கிவிட்டது. இந்த நோய் வரும் பெண்களில் எத்தனை பேர் இந்தக் கேள்விக்குப் பயந்து யாரிடமும் சொல்லாமல் இருக்கிறார்கள்! பெண்ணுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 செ.மீ. நீளம், ஆணுக்கு சுமார் 20 செ.மீ. ஆசனவாயோ பக்கத்திலேயே இருக்கிறது. கிருமி நடந்து வர வேண்டிய தூரம் அவ்வளவுதான். அடிக்கடி தொற்று வரும் பெண்களையும் வராத பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், துடைக்கும் திசை, உள்ளாடை, உறவுக்குப் பின் உடனே சிறுநீர் கழிப்பது போன்ற பழக்கங்களில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் தெரிந்தது வேறு விஷயங்களில்: உடலுறவு எவ்வளவு அடிக்கடி, விந்தணுக்கொல்லி ஜெல் பயன்படுத்துவது, 15 வயதுக்குள் முதல் தொற்று வந்தது, அம்மாவுக்கும் இந்தத் தொந்தரவு இருந்தது. முன்னிருந்து பின்னாகத் துடைப்பதும் உறவுக்குப் பின் கழிப்பறை போவதும் காசு செலவில்லாதவை, கெடுதல் இல்லாதவை. நானும் செய்கிறேன். ஆனால் அதைச் செய்யாததால்தான் வந்தது என்று ஒரு பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது.

விந்தணுக்கொல்லி விஷயம் மட்டும் நிஜமாகவே கவனிக்க வேண்டியது. அது பிறப்புறுப்பில் இயல்பாக இருக்கும் நல்ல லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடுகிறது, அந்த இடத்தை ஈ.கோலை பிடித்துக்கொள்கிறது. சில ஆணுறைகளிலும் அது தடவியிருக்கும். அட்டையைப் படித்து வாங்க வேண்டும். வாசனை சோப்பு, உள்ளே பீய்ச்சிக் கழுவும் திரவங்கள் எல்லாவற்றையும் குளியலறையிலிருந்து எடுத்துவிட்டேன். வெளிப்பக்கத்துக்குத் தண்ணீர் போதும், உட்புறம் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்.

ஜனவரி 19

எரிச்சல் அடங்கிவிட்டது. இன்று தண்ணீரைப் பற்றி.

"தண்ணி நிறையக் குடி" என்பதை எல்லாரும் சொல்கிறார்கள், அதனாலேயே யாரும் காதில் வாங்குவதில்லை. இதற்கு முறையான சோதனை நடந்திருக்கிறது. 2018-ல் வெளியானது, பல்கேரியாவில் செய்யப்பட்டது. திரும்பத் திரும்பத் தொற்று வரும், ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கும் 140 பெண்கள், எல்லாருமே மாதவிடாய் நிற்காத வயதினர். பாதிப் பேரை வழக்கத்துக்கு மேல் இன்னும் ஒன்றரை லிட்டர் குடிக்கச் சொன்னார்கள், மற்றவர்களை வழக்கம்போல இருக்கச் சொன்னார்கள். ஒரு வருட முடிவில் கூடுதலாகக் குடித்தவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவை தொற்று, மற்றவர்களுக்கு 3.2. ஆன்டிபயாடிக் எடுத்த தடவைகளும் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தன. செலவை ஏற்றது பாட்டில் தண்ணீர் விற்கும் டனோன் நிறுவனம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனக்கு அது உறுத்தவில்லை. குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தாலும் அதே ஒன்றரை லிட்டர்தானே.

காரணமும் எளிது. கிருமி சிறுநீர்ப்பையின் சுவரில் ஒட்டிக்கொண்டால்தான் பெருக முடியும். ஒட்டுவதற்குள் வெள்ளம் அடித்துக்கொண்டு போனால் அதற்குப் பிடிமானம் கிடைக்காது.

ஏற்கெனவே தேவையான அளவு குடிப்பவர்கள் இன்னும் கூட்டினால் பலன் உண்டா என்பதை அந்தச் சோதனை காட்டவில்லை. குறைவாகக் குடிப்பவர்களுக்கான வழி இது. நான் அந்தக் கூட்டம்தான். இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு வைத்திருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் கூட்டவே கூடாது.

அரை லிட்டர் பாட்டில் ஒன்றை மேசையில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும் அதைத் தொடங்கி, அடுத்த வேளைக்குள் முடித்துவிடுவது. ஒரே மூச்சில் குடித்தால் ஒரே தடவையில் போய்விடுகிறது. பரவலாகக் குடிக்க வேண்டும்.

பிப்ரவரி 2

தோழி கிரான்பெர்ரி மாத்திரை அனுப்பியிருக்கிறாள். வெறும் நம்பிக்கையில் விழுங்க மனமில்லை, தேடிப் படித்தேன்.

அந்தப் பழத்தில் உள்ள ஏ-வகைப் புரோஆந்தோசயனிடின் என்ற பொருள், ஈ.கோலையின் உடலில் இழை இழையாக நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகளைச் சுவரில் ஒட்டவிடாமல் தடுக்கிறது. கிருமியைக் கொல்வதில்லை. அதனால் தொற்று வந்த பிறகு குடித்துக் குணமாகலாம் என்பது சரியல்ல. 2012-ல் காக்ரேன் குழு எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்து, பெரிதாகப் பலன் இல்லை என்றது. 2023-ல் அதே குழு 50 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது முடிவு மாறியது: திரும்பத் திரும்ப வரும் பெண்களுக்கு அபாயம் கால் பங்கு அளவுக்குக் குறைகிறது, குழந்தைகளுக்குப் பாதிக்கு மேல் குறைகிறது. முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பலன் தெரியவில்லை.

கால் பங்கு என்பது சின்ன விஷயமில்லை, அற்புதமும் இல்லை. எடுத்துக்கொள்ள முடிவு செய்திருக்கிறேன். ஜூஸாக அல்ல, கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் சர்க்கரைதான். மாத்திரையிலும் புரோஆந்தோசயனிடின் எவ்வளவு என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆய்வுகளில் அதிகம் அடிபடும் அளவு நாளுக்கு 36 மில்லிகிராம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் சிறுநீரகக் கல் வந்தவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

பிப்ரவரி 6

டி-மேனோஸ் பொடியும் வாங்கட்டுமா என்று தோழி கேட்டாள். வேண்டாம் என்றேன். கருத்தளவில் அழகான யோசனை அது: ஈ.கோலை பிடித்துத் தொங்குவதே சுவரில் இருக்கும் மேனோஸ் சர்க்கரையை, அதே சர்க்கரையைச் சிறுநீரில் மிதக்கவிட்டால் கிருமி அதைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். ஆனால் பிரிட்டனில் 598 பெண்களுக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்து 2024-ல் வெளியிட்டார்கள். மறுபடி மருத்துவ உதவி தேடியவர்கள் பொடி சாப்பிட்டவர்களில் 51 சதவீதம், வெறும் போலிப் பொடி சாப்பிட்டவர்களில் 55.7. வித்தியாசம் என்று சொல்ல முடியாத அளவு. விலையோ அதிகம்.

பிப்ரவரி 23

தண்ணீர் தொடர்கிறது. இரவில் ஒருமுறை எழ வேண்டியிருந்தது. கடைசி பாட்டிலை மாலையோடு முடித்துவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை.

மார்ச் 8

அம்மா வந்திருக்கிறாள். என் மேசையில் பாட்டிலைப் பார்த்து என்னவென்று கேட்டாள், சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் வருஷத்துல நாலஞ்சு தடவை வருதுடி" என்றாள். மாதவிடாய் நின்று பத்து வருடமாகிறது. இத்தனை நாளும் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அம்மாவின் வயதில் காரணம் வேறு. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து வறண்டுவிடுகிறது, அமிலத்தன்மை போய்விடுகிறது, லாக்டோபேசில்லஸ் மறைந்துவிடுகிறது. காவல் போன வீட்டுக்குள் ஈ.கோலை சுலபமாக நுழைகிறது. பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரியோல் (ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை) கிரீமை வைத்து 1993-ல் ஒரு சோதனை வந்தது. கிரீம் தடவியவர்களுக்கு வருடத்துக்கு 0.5 தடவை தொற்று, போலிக் கிரீம் தடவியவர்களுக்கு 5.9. லாக்டோபேசில்லஸ் பலருக்குத் திரும்பி வந்தது. நான் இதுவரை படித்தவற்றில் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை வேறெதிலும் பார்க்கவில்லை.

ஹார்மோன் எப்படி இயற்கை வழி ஆகும் என்று சிலர் கேட்கலாம். உடம்பு தானே சுரந்துகொண்டிருந்ததைத் தேவைப்படும் இடத்தில் மட்டும் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கிறோம், அதன் பிறகு காவல் காப்பது உடம்பின் சொந்தப் பாக்டீரியா. ஒரு செடியின் சாறு என்று எழுதி ஒட்டிய எந்தக் குப்பியையும்விட எனக்கு இது இயற்கைக்கு நெருக்கமாகத் தெரிகிறது.

"இந்த வயசுல டாக்டர்கிட்ட இதையெல்லாம் எப்படிடி சொல்றது?"

"நானும் கூட வர்றேம்மா. நீ சொல்லலைன்னா நான் சொல்றேன்."

தலையாட்டினாள்.

மார்ச் 15

போய் வந்தோம். அம்மாவே எல்லாவற்றையும் சொன்னாள், என்னை வாய் திறக்க விடவில்லை. மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறதா என்று டாக்டர் கேட்டுக்கொண்டார். வந்தவர்கள் புற்றுநோய் மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டுமாம். அம்மாவுக்கு இல்லை. கிரீம் எழுதிக் கொடுத்தார். முதலில் இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரத்துக்கு இரண்டு முறை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நடுவில் விட்டுவிடக் கூடாது.

போன மாதம் அம்மா செய்துகொண்ட பொதுப் பரிசோதனையில் சிறுநீரில் பாக்டீரியா என்று வந்திருந்தது. அப்போது எரிச்சல் எதுவும் இல்லை. அதற்கு மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தொந்தரவில்லாமல் வெறுமனே கிருமி இருப்பதற்கு, கர்ப்பிணிகளையும் சிறுநீர்ப் பாதையில் சில சிகிச்சைகள் செய்துகொள்ளப் போகிறவர்களையும் தவிர, ஆன்டிபயாடிக் கொடுப்பதில்லை. கொடுத்தால் எதிர்ப்புள்ள கிருமிகளை வளர்ப்பதுதான் மிச்சம்.

ஏப்ரல் 22

மதியம் லேசாகக் கடுத்தது. நெஞ்சு திக்கென்றது. மாதிரியைக் கொடுத்துவிட்டு, டாக்டரைப் போனில் கேட்டேன். காய்ச்சல் இல்லாததால் வலி மாத்திரையோடு இரண்டு நாள் பார்க்கலாம், கூடினால் உடனே வந்துவிட வேண்டும் என்றார். ஜெர்மனியில் 2015-ல் ஒரு சோதனை இதையே பார்த்திருக்கிறது. ஆன்டிபயாடிக்குக்குப் பதில் இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை மட்டும் கொடுக்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படவில்லை. ஆனால் தொந்தரவு நீண்ட நாள் இருந்தது, சிலருக்குச் சிறுநீரகம் வரை ஏறியது. எனவே இது டாக்டர் கண்காணிப்பில் செய்ய வேண்டியது, தானாக எடுக்கும் முடிவல்ல.

ஏப்ரல் 25

கல்ச்சரில் கிருமி வளரவில்லை. கடுப்பும் போய்விட்டது. எரிச்சல் எல்லாமே தொற்று அல்ல என்பதை மாதிரி கொடுத்ததால்தான் தெரிந்துகொள்ள முடிந்தது.

மலச்சிக்கலைப் பற்றியும் டாக்டர் கேட்டார். குடல் நிறைந்து சிறுநீர்ப்பையை அழுத்தினால் சிறுநீர் முழுசாக இறங்காமல் தங்கும், தேங்கியதில் கிருமி பெருகும். குழந்தைகளுக்கு இது முக்கியமான காரணமாம். எனக்குத் தண்ணீர் கூடியதில் அதுவும் தானாகச் சரியாகிவிட்டது.

ஜூன் 15

ஜனவரிக்குப் பிறகு எனக்குத் தொற்று வரவில்லை. அம்மாவுக்கு ஏப்ரலில் ஒன்று வந்தது, கல்ச்சர் பார்த்து மருந்து கொடுத்தார்கள், அதன் பிறகு இல்லை. இது தண்ணீராலா, கிரான்பெர்ரியாலா, காலம் தானாக அமைந்ததாலா என்று ஒரே ஆளை வைத்துச் சொல்லிவிட முடியாது. தண்ணீரை விடமாட்டேன். கிரான்பெர்ரியை ஜூலை முடிந்ததும் நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்க வேண்டும்.

அடுத்த சந்திப்புக்குக் கேள்விகள் எழுதி வைத்திருக்கிறேன். மறுபடி அடிக்கடி வந்தால் மெத்தனமைன் ஹிப்பியூரேட் எனக்குச் சரிப்படுமா என்பது முதல் கேள்வி. அது ஆன்டிபயாடிக் அல்ல, அமிலத்தன்மையுள்ள சிறுநீரில் ஃபார்மால்டிஹைடாக மாறிக் கிருமியை வளரவிடாமல் செய்வது. பிரிட்டனில் 240 பெண்களை வைத்து 2022-ல் வெளியான சோதனையில், தினசரி ஆன்டிபயாடிக்குக்கு அது சளைத்ததல்ல என்று தெரிந்தது. இரண்டாவது, சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று அம்மாவுக்கு ஒரு ஸ்கேன் எடுக்கலாமா. மூன்றாவதை அம்மா தன் கையாலேயே எழுதியிருக்கிறாள்: "கிரீம் எத்தனை வருஷம் போடலாம்?"