அங்குசத்துக்கு யானை இலவசம்

சுவர்க்கடிகாரம் மாட்டுவதற்காக நான் போட்டுக்கொண்டிருந்த துளை பாதி ஆழத்தை எட்டியபோது, டிரில்லிங் மெஷின் ஒரு முனகலோடு நின்றுவிட்டது. முந்தைய வாரம் எட்டுத் திருகாணிகள் வரை தாங்கிய பேட்டரிக்கு அன்று அரைத் துளையிலேயே மூச்சு வாங்கிவிட்டது. துளையிடும் முனையான பிட் சுவருக்குள் இறுகிக்கொண்டது; எதிர்த்திசையில் சுழற்றி வெளியே எடுக்கவும் மின்சாரம் இல்லை. ஆகவே பேட்டரியை மட்டும் கழற்றிச் சார்ஜரில் போட்டேன். பிட்டைக் கவ்விப் பிடிக்கும் ‘சக்’ என்ற பகுதியைத் தளர்த்தி மெஷினையாவது மீட்டிருக்கலாம் என்பது மறுநாள்தான் எனக்குத் தோன்றியது. ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், பல்லியைப் போலச் சுவரைப் பற்றிக்கொண்டிருந்த மெஷினின் கைப்பிடியில் என் மனைவி ஒரு துணிப்பையை மாட்டியிருந்தார். “எப்படியும் ஒரு கொக்கி வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், இதுவே உறுதியாக இருக்கிறது” என்றார்.

சார்ஜரில் போட்டும் பேட்டரி உயிர் பெறவில்லை. அதன் அந்த நிலைக்கு நானே காரணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். லித்தியம் அயான் பேட்டரியை நெடுநாள் வைப்பதானால் பாதி சார்ஜில், வெப்பம் படாத இடத்தில் வைக்க வேண்டும். நானோ அதை முழுவதும் தீர்த்துவிட்டு, வெயிலில் காயும் மேல்தளத்து அறையில் எட்டு மாதம் துறவு இருக்க விட்டிருந்தேன்.

புதிய பேட்டரி ஒன்றின் விலையைப் பார்த்ததும், அச்சுப் பிழையோ என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மீண்டும் பார்த்தேன். யானையை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். அங்குசத்தின் விலை யானையின் விலையைத் தொட்டுக்கொண்டு நின்றால் கணக்குப் பார்க்காமல் வேறு என்ன செய்வது? அந்த ஆற்றாமையில்தான் இணையத்தில் ஒரு பேட்டரியைக் கண்டேன். அது பெயர் தெரியாத நிறுவனத்தின் தயாரிப்பு. 18 வோல்ட்; கொள்ளளவு 9 ஆம்பியர் மணி. விலை அசலில் மூன்றில் ஒரு பங்கு. போதாக்குறைக்கு 2 ஆம்பியர் சார்ஜர் ஒன்றும் இலவசம்.

வந்து சேர்ந்த பேட்டரியைச் சார்ஜரில் போட்டேன். ஐம்பதாவது நிமிடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. “பார்த்தாயா, எவ்வளவு வேகம்!” என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அன்று இரவு படுத்த பிறகுதான் கணக்கு மூளைக்குள் ஏறியது. 2 ஆம்பியரில் ஏற்றினால் 9 ஆம்பியர் மணி நிரம்ப நாலரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆக வேண்டும். ஒரு குடம் தண்ணீர் பிடிக்கும் பாத்திரம் ஒரு டம்ளரில் நிரம்பிவிட்டதென்றால், அதிசயம் குழாயில் இல்லை, பாத்திரத்தில்தான் இருக்கிறது.

எழுந்துபோய்ச் சமையலறைத் தராசில் பேட்டரியை வைத்தேன்; 410 கிராம் காட்டியது. இந்த வகைப் பேட்டரிகளில் பரவலாக இருப்பது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட செல் என்ற சிறு மின்கலம். ஒன்றின் எடை ஏறத்தாழ 45 கிராம். பெரிய பேட்டரிக்குள் அப்படிப் பத்து இருக்க வேண்டும். பத்து செல்களே 450 கிராம் இருக்கையில், ஓடு, மின்சுற்றுப் பலகை, கம்பி எல்லாம் சேர்ந்த மொத்தப் பேட்டரி 410 கிராமில் எப்படி அடங்கும்? நள்ளிரவில் அதைத் திறந்தும் பார்த்துவிட்டேன். லித்தியம் பேட்டரியைப் பிரிப்பது புத்திசாலிகள் செய்யும் வேலை அன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். உள்ளே ஐந்து செல்கள் மட்டும் ஒரு வரிசையில் இருந்தன. எஞ்சிய இடத்தைக் காற்றும் ஒரு பஞ்சுத்துண்டும் பங்கிட்டுக்கொண்டிருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த செல்களில் வோல்ட் கூடுமே தவிர ஆம்பியர் மணி கூடாது. இந்த அளவுச் செல்லில் மிகச் சிறந்ததே 3.5 ஆம்பியர் மணியைச் சுற்றித்தான் நிற்கும். இதன் செல்களின் மேலுறையில் 1500 மில்லியாம்பியர் மணி, அதாவது 1.5 ஆம்பியர் மணி என்றுதான் அச்சிட்டிருந்தது. விற்றவரிடம் முறையிட்டபோது, “சார், வெயிட்டைப் பார்க்காதீர்கள், பவரைப் பாருங்கள்” என்று பதில் வந்தது. பார்த்தேன், சுவரில் சிக்கிய பிட்டை அசைக்கக்கூட அது போதவில்லை.

பிறகு கடைக்கே நேரில் போனேன். அங்கிருந்த இளைஞர், என்னுடையது 18 வோல்ட் என்றும், பக்கத்து அலமாரியில் இருக்கும் வேறு நிறுவனத்துப் பொருள் 20 வோல்ட் என்பதால் வலிமை கூடியது என்றும் விளக்கினார். இரண்டிலும் வரிசையில் ஐந்து செல்கள்தான், செல்லுக்கு 3.6 வோல்ட் வீதம் பெருக்கினால் 18, சார்ஜ் ஏறிய கையோடு 4 வீதம் பெருக்கினால் 20. அதைச் சொன்னதும் அவர் என்னை, விலை கேட்டே நேரம் போக்கும் வாடிக்கையாளர் என்று சரியாகவே எடை போட்டுவிட்டார்.

வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்கினால் வாட் மணி, அதாவது பேட்டரியில் அடங்கும் மொத்த ஆற்றல் வரும். விலையை அதனால் வகுத்தால் எது மலிவு என்பது தெரிந்துவிடும். தாளில் போட்டுப் பார்த்தேன். தனி பேட்டரி ஒன்றுக்கு 72 வாட் மணி. இரண்டு பேட்டரி, சார்ஜர், புது டிரில்லிங் மெஷின், பெட்டி எல்லாம் அடங்கிய தொகுப்பில் 144 வாட் மணி. விலையோ இரண்டு தனி பேட்டரிகளின் விலையைவிடக் குறைவு. என்னிடம்தான் மெஷின் இருக்கிறதே என்று, “மெஷினை நீங்களே வைத்துக்கொண்டு விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்” என்று மிகுந்த நியாய உணர்வோடு கேட்டேன். இளைஞர் தொகுப்பின் விலைச்சீட்டைத் திருப்பிக் காட்டினார். “மெஷினுக்கு விலையே போடவில்லையே சார், எதைக் குறைப்பது?”

புதிய பேட்டரி பழைய மெஷினில் ‘டக்’ என்ற ஓசையோடு பொருந்தியது. எதிர்த்திசைக்கு மாற்றி விசையை அழுத்தியதும், பன்னிரண்டு நாள் சுவர்வாசத்துக்குப் பிறகு பிட் பொடியோடு வெளியே வந்தது. துளையை முழுமையாக்கிக் கடிகாரத்தையும் மாட்டிவிட்டு, பாராட்டுக்காகத் திரும்பினேன். என் மனைவி கையில் துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தார்.

“இதை இனி எங்கே மாட்டுவது?” என்றார். பெட்டிக்குள் பிரிக்கப்படாமல் இருந்த புது மெஷினின் மேல் அவர் பார்வை போனது. “அது சும்மாதானே வந்தது, இந்தப் பக்கச் சுவரில் அதைப் பாதி வரை இறக்கி நிறுத்திவிடுங்கள்.”