சொந்தமாகக் கட்டிய லினக்ஸில் பெர்ல் மாட்யூல்கள்

மூலநிரலிலிருந்தே லினக்ஸைக் கட்டக் கற்றுத்தரும் 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச்' நூலைப் பின்பற்றி சிஸ்டம் கட்டியவர்களுக்குத் தெரியும், மென்பொருள்களைத் தானே இறக்கி ஏற்றித் தரும் ஆப்ட் மாதிரி எதுவும் அதில் கிடையாது. வலைப்பக்கங்களை இறக்கும் ஒரு ஸ்கிரிப்டுக்காக எனக்கு பெர்ல் மொழியின் எல்டபிள்யூபி மாட்யூல் (சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு) தேவைப்பட்டது. காவேரிப்பட்டினம் வீட்டில் செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பித்தான் எல்லாம்.

பெர்ல் மாட்யூல்களுக்கென 1995 முதல் இருக்கும் சிபேன் களஞ்சியத்துக்கு அதே பெயரில் ஒரு கட்டளை உண்டு. அது சார்புகளையும், அதாவது ஒரு மாட்யூலுக்குத் தேவையான மற்ற மாட்யூல்களையும், சேர்த்து இறக்கி ஏற்றிவிடும். ஆனால் எது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தானே நாமே கட்டுகிறோம்? கையாலேயே செய்தேன்.

டார்பாலை (மூலநிரல் அடங்கிய சுருக்கக் கோப்பை) பிரித்து உள்ளே போய் 'பெர்ல் மேக்ஃபைல்.பிஎல்', 'மேக்', 'மேக் டெஸ்ட்'. பாஸ் ஆனால் ரூட்டாக (நிர்வாகிப் பயனராக) மாறி 'மேக் இன்ஸ்டால்'. சில மாட்யூல்களில் பில்ட்.பிஎல் இருக்கும், அங்கே 'மேக்'குக்குப் பதில் './பில்ட்', வரிசை இதேதான்.

நேரம் போவது சார்புகளில். முதல் கட்டளையிலேயே 'ப்ரீரெக்விசிட் நாட் ஃபவுண்ட்' என்று வரிசையாக எச்சரிக்கை வரும். பதற வேண்டாம், அதுதான் நம் வேலைப் பட்டியல். எல்டபிள்யூபிக்கு எச்டிஎம்எல்-பார்சர் வேண்டும், அதற்கு எச்டிடிபி-மெசேஜ், அதற்கு யூஆர்ஐ. ஆக யூஆர்ஐயை முதலில் ஏற்றிவிட்டு மேலே வந்தேன். எச்சரிக்கையைக் கண்டுகொள்ளாமல் விட்டாலும் 'மேக்' பெரும்பாலும் ஓடிவிடும், டெஸ்டில்தான் மாட்டும். அதனால் டெஸ்டைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

எச்டிடிபிஎஸ் முகவரிகளுக்கு நெட்-எஸ்எஸ்லீ வேண்டும். இது ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளோடு சேர்த்து கம்பைல் ஆகும். நல்லவேளையாக ஓபன்எஸ்எஸ்எல் அடிப்படை நூலிலேயே வந்துவிடுகிறது. வெளி இணைப்பு தேவைப்படும் டெஸ்ட்களை ஓட்டவா என்று இடையில் கேட்கும். ஹாட்ஸ்பாட் சிக்னல் நிலையாக இல்லாததால் 'வேண்டாம்' என்றேன்.

பாதியில் கரண்ட் போனாலும் கவலையில்லை. ஜிசிசி கம்பைலரைக் கட்டுவது போல நீண்ட நேரம் பிடிப்பவை அல்ல இவை. அந்த ஒரு அடைவை அழித்துவிட்டு டார்பாலை மறுபடி பிரித்தால் போதும்.

இன்னொன்று முக்கியம். நூலில் சொன்னபடி பெர்ல் 5.40ஐக் கட்டியிருந்தால் மாட்யூல்கள் 5.40 என்ற அடைவுக்குள் போய் உட்காரும். 5.40.0விலிருந்து 5.40.2க்குப் போனால் அவற்றைத் தொட வேண்டாம். 5.42க்குப் போனால் எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டும். அதற்காகவே டார்பால்களை அழிக்காமல், ஏற்றிய வரிசையையும் ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.