பழைய பிஎச்பி தளத்தை மைஎஸ்க்யூஎல்ஐ-க்கு மாற்றியபோது

நான் பார்த்துக்கொள்ளும் ஒரு புத்தகக் கடையின் தளம் ரொம்ப காலம் பிஎச்பி என்ற நிரல்மொழியின் 5.6 வெர்ஷனில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வெர்ஷனுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2018 டிசம்பரோடு நின்றுபோனது. ஹோஸ்டிங்காரர்கள் இனி 8.1-க்குக் கீழே கிடையாது என்று சொன்ன பிறகுதான் கை வைக்க முடிந்தது. வேலை செய்கிற தளத்தை மாற்ற யார் காசு கொடுப்பார்கள்?

கோட் முழுக்க மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸோடு பேசுகிற பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்கள். 2013-இல் வந்த பிஎச்பி 5.5-லேயே இவற்றுக்கு எச்சரிக்கை காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். 2015 டிசம்பரில் 7.0 வந்தபோது அவற்றைத் தந்த எக்ஸ்டென்ஷனே போய்விட்டது. புதிதாக எழுதுவதென்றால் பல டேட்டாபேஸ்களோடும் பேசக்கூடிய பிடிஓ எடுத்திருப்பேன். இங்கே இருக்கிற கோடுக்குப் பக்கத்தில் நிற்பது பழைய எக்ஸ்டென்ஷனின் வாரிசான மைஎஸ்க்யூஎல்ஐதான், அதுவே சரி என்று பட்டது.

ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டால் முடிந்தது என்பார்கள். முடியாது. டேட்டாபேஸுக்கு க்வெரி (கேள்வி) அனுப்பும் பழைய ஃபங்ஷன், கடைசியாகத் திறந்த கனெக்‌ஷனைத் தானே எடுத்துக்கொள்ளும். புதியதில் கனெக்‌ஷனை முதலில் கொடுத்து, அப்புறம்தான் க்வெரி. அதனால் ஒவ்வொரு ஃபங்ஷனுக்குள்ளும் கனெக்‌ஷனை அனுப்ப வேண்டியிருந்தது. க்வெரி தவறினால் அங்கேயே நிறுத்து என்று வரிக்கு வரி இருந்த 'ஆர் டை'யும் வீண்: 8.1 முதல் க்வெரி தவறினால் உடனே எக்ஸெப்ஷன் விழும், 'டை' வரை கோட் வருவதே இல்லை. தேடல் பெட்டி, ஆர்டர் படிவம் போன்ற இடங்களை க்வெரியைத் தனியாகவும் பயனர் தருவதைத் தனியாகவும் அனுப்பும் ப்ரிப்பேர், பைண்ட் முறையில் புதிதாகவே எழுதினேன்.

இதெல்லாம் பொறுமை இருந்தால் முடிகிற வேலை. உயிரை எடுத்தது தமிழ். கனெக்‌ஷனை தமிழையும் தாங்கும் யுடிஎஃப்8எம்பி4 குறியாக்கத்துக்கு மாற்றியதும் புத்தகத் தலைப்புகள் எல்லாம் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்தன. டேபிள் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1, பழைய கனெக்‌ஷனும் லத்தீன்1. தமிழின் பைட்டுகள் உள்ளே போனபடியே வெளியே வந்ததால் இத்தனை காலம் யாருக்கும் தெரியவில்லை. இந்த நிலையில் டேபிளை நேராக கன்வெர்ட் செய்தால் குப்பையே நிரந்தரமாகிவிடும். பேக்கப் எடுத்துவிட்டு, தலைப்பு இருக்கும் நெடுவரிசையை முதலில் வெறும் பைட்டுகளை வைக்கும் வார்பைனரி ஆக்கி, பிறகு எழுத்துகளை வைக்கும் யுடிஎஃப்8எம்பி4 வார்காராக மாற்ற வேண்டும். அப்போது பைட்டுகள் அப்படியே இருக்கும், பெயர்ப்பலகை மட்டும் மாறும்.

அதிலும் சில வரிசைகள் எரர் அடித்து நின்றன. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்; 'சி'யில் ச ஒரு குறியீடு, அதன் கொக்கி இன்னொன்று. 'சிறுகதைகள்' என்ற ஒரு சொல்லுக்கே 30 பைட். லத்தீன்1-இல் 255 இடம் என்பது வெறும் 255 பைட், அதாவது 85 தமிழ்க் குறியீடுகள். இடம் போதாவிட்டால் எரர் காட்டும் ஸ்ட்ரிக்ட் மோட் பழைய சர்வரில் இல்லாததால் நீளமான தலைப்புகள் எழுத்தின் நடுவிலேயே சத்தமில்லாமல் வெட்டுப்பட்டிருக்கின்றன. வால் பைட்டுகளை நீக்கியதும் மீதி ஏறிவிட்டது. போன எழுத்துகளைக் கோட் கொண்டுவராது என்பதால் அந்தப் பட்டியலைக் கடைக்கு அனுப்பினேன். அட்டையைப் பார்த்து முழுத் தலைப்பையும் அவர்களே தட்டச்சு செய்துகொடுத்தார்கள்.