நாலே கால் மணி நேரம்

திருச்சி டூ சிங்கப்பூர் முதல் டிக்கெட்டில், புறப்பாடு இரவு 1.00, இறங்குவது காலை 7.35 என்று இருந்தது. அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆறரை மணி நேரமாப்பா அந்தரத்துல இருப்ப?" என்றார். அதில் இரண்டரை மணி நேரம் கடிகார வித்தியாசம், பறப்பது நாலு சொச்சம்தான் என்று விளக்கினேன். நம்பினாரா என்று தெரியவில்லை.

நேர்க்கோட்டில் அளந்தால் கிட்டத்தட்ட 2,980 கிலோமீட்டர். சென்னையிலிருந்து பறந்தால் ஒரு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் குறையும், அவ்வளவுதான். தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கு வழியாக வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆனதாம். அதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு நாலு மணி நேரம் பெரிதில்லை.

ஆனால் வந்த புதிதில் என்னைப் படுத்தியது தூரமில்லை, நேரம். முதல் நாள் காலை ஆறரைக்கு அலாரம் அடித்தது, ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. இங்கே சூரியன் எழுவதே ஏழு மணிக்கு. சிங்கப்பூர் பூமியில் இருக்கும் இடத்துக்கு, கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. 1982 பிறந்தபோது மலேசியாவோடு சேர்ந்து இன்னும் அரை மணி முன்னே தள்ளி வைத்துக்கொண்டார்கள். அதுவரை நம்மோடு இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம். அந்த அரை மணி இப்போது என் தூக்கத்தில் கை வைக்கிறது. அம்மா சாப்பிட்டு, பாத்திரம் கழுவிப்போட்டு, ஒன்பது மணிக்கு ஆற அமர போன் பண்ணுவார். எனக்கு அப்போது பதினொன்றரை.

வீட்டிலிருந்து வீட்டுக்கு என்று பார்த்தால் கணக்கே வேறு. நான் இருக்கும் ஈசூனிலிருந்து சாங்கி விமான நிலையத்துக்கு டாக்ஸி, இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் நிற்பது, நாலே கால் மணி நேரப் பறத்தல், திருச்சியில் இமிக்ரேஷன், பெட்டிக்குக் காத்திருப்பு. நல்லவேளை, விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்டிலேயே இருக்கிறது, டவுனுக்குள் போக வேண்டாம். ஆலங்குடி வாசலில் இறங்கும்போது பத்து மணி நேரம் ஆகியிருக்கும். சென்னையில் வேலை பார்த்தபோது ராத்திரி பஸ்ஸில் வந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. மூட்டைதான் இப்போது எடை போட்டு வருகிறது.

போன வருடம் அம்மா ஒரு மாதம் வந்திருந்தார். சாங்கியில் தமிழில் போர்டு இருப்பதைப் பார்த்துச் சந்தோஷம். கைக்கடிகாரத்தை மாற்றித் தருகிறேன் என்றால் மட்டும் கையை இழுத்துக்கொண்டார். "சக்கரை மாத்திரையெல்லாம் ஊரு நேரத்துக்குத்தான் போட்டுப் பழக்கம்." அப்படியே நடந்தது. நாங்கள் பத்தரைக்கு ஏதாவது கொறித்துக்கொண்டிருக்கும்போது அவர் எட்டு மணி இட்லியை எடுத்து வைப்பார். தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கும்போதுகூட, "ஊர்ல இப்பத்தான் பால்காரன் வருவான்" என்று மணிக்கட்டைப் பார்த்துச் சொன்னார்.

திரும்பிப் போன அன்று ராத்திரி திருச்சியிலிருந்து போன். இங்கே விடியப் போகிறது.

"எறங்கிட்டேன்ப்பா. பக்கத்து சீட்டுப் பையன் கடியாரத்தைத் திருகிக்கிட்டே இருக்கான். எனக்கு ஒரு நிமிசம் மாறலை பாத்துக்க."